போரும் அமைதியும்: ஒருவழியாக முடித்துவிட்டேன்

#1 ஜன்னலோரம்

நேற்று இரவு தாம்பரம் வண்டியில், மீனம்பாக்கம் தாண்டும்போது, டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலை முடித்தேன். பக்கத்தில் இருந்தவர் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லலாமா என்று கை பரபரத்தது. அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னால், "அப்பாடா, இனிமே அந்த மூட்டையைப் பையிலேர்ந்து எடுத்துடுவீங்கல்ல?" என்றாள். அதனால்தான் இங்கே வந்து எழுதுகிறேன்.

ஆரம்பித்தது 2015 நவம்பரில். அப்பாவிடம் டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த மூன்று பாகமும் இருந்தது. (தினமணியின் முதல் ஆசிரியர், அவரேதான்.) முதல் பாகத்தை ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டேன். டிசம்பர் முதல் வாரம் முடிச்சூர் வீட்டுக்குள் அடையாறு வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த இரண்டும் மூன்றும் ஊறிப்போய், வெளியே எடுத்தபோது தாளும் தாளும் ஒட்டிக் கட்டியாக வந்தன. அப்பா அவற்றை மொட்டை மாடியில் ஒரு வாரம் காயவைத்துப் பார்த்தார். முதல் பாகம் மட்டும் என் பையில் கிடந்ததால் பிழைத்தது. அதை முடித்துவிட்டு, அதோடு நிறுத்திவிட்டேன். நாங்கள் குரோம்பேட்டைக்கு வீடு மாறினோம், பெண் பிறந்தாள், மூன்று வருஷம் ஓடிவிட்டது.

2019 ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் மாட் தம்பதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு வாங்கினேன். ஒரே புத்தகம், ஆயிரத்து முந்நூறு பக்கத்துக்கு மேல். மின்சார ரயிலில் இதை ஒரு கையால் பிடிக்க முடியாது, மறு கை கம்பிக்கு வேண்டும். பைண்டிங் கடையில் கொடுத்து நான்காக வெட்டித் தைக்கச் சொன்னேன். "நல்ல புத்தகத்தை ஏன் சார் கொல்றீங்க?" என்றார் கடைக்காரர். நான்கில் மூன்றாவது துண்டு சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் கதையில் வருகிற போரோடினோ போர்க்களம் முழுக்க இன்றைக்கும் சாம்பார் வாசனை.

2020-ல் ஊரே வீட்டில் உட்கார்ந்து புத்தகம் படித்தது. நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. ரயில் ஓடினால்தான் எனக்கு நாவல் ஓடும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

என்ன பிடித்தது என்று கேட்பீர்கள். ஆஸ்டர்லிட்ஸ் போரில் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடி, அடிபட்டு மல்லாந்து விழும் ஆந்த்ரேய், மேலே வானத்தைப் பார்க்கிறான். இவ்வளவு உயரமான வானத்தை இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று நினைக்கிறான். கொஞ்ச நேரத்தில் அவன் தெய்வமாக நினைத்த நெப்போலியனே வந்து தலைமாட்டில் நிற்கிறான். அந்த வானத்துக்கு முன்னால் நெப்போலியன் ஒன்றுமே இல்லாமல் போய்விடுகிறான். இதைத் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை படித்தேன்.

இன்னொன்று நடாஷா ஆடும் இடம். வேட்டை முடிந்து கிராமத்துச் சித்தப்பா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் கிடார் வாசிக்கிறார். பிரெஞ்சு ஆசிரியை வளர்த்த பிரபு வீட்டுப் பெண், எழுந்து குடியானவப் பெண்களைப் போலவே ஆடுகிறாள். இதை எங்கிருந்து கற்றாள் என்று டால்ஸ்டாயே வியந்துபோகிறார். எங்கள் ஆபீஸ் நண்பரின் மகள், அண்ணா நகரில் வளர்ந்தவள், தமிழில் பேசவே கூச்சப்படுவாள். போன வருஷம் செங்கத்துக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர்த் திருவிழாவில் பறை அடித்ததும் அந்தப் பெண் கூட்டத்துக்குள் போய் ஆடியதை வீடியோவில் பார்த்தேன். நடாஷாதான்.

அப்பாவிடம் "முடித்துவிட்டேன்" என்றேன். "நான் சர்வீஸில் சேர்ந்த புதிதிலேயே முடித்துவிட்டேன்" என்றார். சரி, கடைசியில் என்ன ஆகும் என்று கேட்டேன். "நெப்போலியன் தோற்றுப்போவான்" என்றார்.

இங்கே முடித்தவர்கள் எத்தனை பேர்? எத்தனை வருஷம் ஆனது?

#2 வந்தியத்தேவன்குதிரை

வாழ்த்துகள் சார்! ஒன்பது வருஷமெல்லாம் ரொம்ப அதிகம். நான் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் கோடை விடுமுறையில் ஒன்பதே நாளில் முடித்தவன். பாட்டி வாராவாரம் கல்கியிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்து வைத்த பிரதி, மணியம் படங்களோடு. நல்ல நாவல் என்றால் கையை விட்டுக் கீழே வைக்க முடியாது. ஒன்பது வருஷம் ஆகிறதென்றால் குறை புத்தகத்தின் மேல்தான்.

#3 மாம்பலம்மாமி

குதிரைத் தம்பி, உன் பாட்டி அதே கதையை 1950-லிருந்து 1954 வரைக்கும் படித்தாளே, அதை மறந்துவிட்டாயா? வாரம் ஓரிரு அத்தியாயம். அடுத்த இதழ் வருகிற வரைக்கும் நந்தினி என்ன செய்வாளோ என்று கிணற்றடியில் பேசிப் பேசி மூன்றரை வருஷம். ஒன்பது நாளில் விழுங்கியது நீதான்.

டால்ஸ்டாயும் முதலில் பத்திரிகையில்தான் எழுதினார். 1865-ல் 'ரஷ்ய தூதன்' இதழில் '1805' என்ற தலைப்பில் ஆரம்பித்தது. முழுப் புத்தகமாக வந்து முடிந்தது 1869-ல். ஜன்னலோரம் எடுத்துக்கொண்டது அதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதானே.

#4 பாதியில்நிறுத்தியவன்

இந்த இழையைப் பார்த்ததும் குற்ற உணர்ச்சி. நான் நான்கு முறை ஆரம்பித்து நான்கு முறையும் அதே பார்ட்டியில் நின்றுவிட்டேன். 1805 ஜூலை, அன்னா பாவ்லோவ்னா வீட்டு விருந்து. யார் யாரோ வருகிறார்கள், பிரெஞ்சில் பேசுகிறார்கள், எல்லோருக்கும் மூன்று மூன்று பெயர். எனக்கே அழைப்பு இல்லாத கல்யாணத்தில் போய் நிற்கிற மாதிரி இருக்கிறது. பந்தி வரைக்கும் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

#5 மாம்பலம்மாமி

பெயர்க் குழப்பம் ஒரு வாரத்தில் போய்விடும். நம் ஊரில் அப்பா பெயரை முன்னால் இனிஷியலாகப் போடுகிறோம், அவர்கள் நடுவில் போடுகிறார்கள். கதையில் பியர் என்று ஒருவன் வருவான், அது பிரெஞ்சில் கூப்பிடுவது. முறையாகச் சொன்னால் பியோத்தர் கிரில்லோவிச், கிரில்லின் மகன் பியோத்தர், அதாவது கி. பியோத்தர். மகளாக இருந்தால் கடைசியில் 'ஓவ்னா' மாதிரி வரும். அதனால் ஆந்த்ரேய் நிக்கோலாயெவிச், மரியா நிக்கோலாயெவ்னா என்று பார்த்ததும் ஒரே அப்பாவுக்குப் பிறந்த அண்ணன் தங்கை என்று தெரிந்துவிடும். நடாலியா நடாஷா ஆவதற்கு விளக்கமே வேண்டாம், எங்கள் வீட்டில் மீனாட்சி மீனாவாகி மீனுக்குட்டியாகி நிற்கிறாள்.

நான் ஒரு பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் நான்கு குடும்பங்களையும் எழுதி அடுப்பு மேடைக்கு மேலே ஒட்டியிருந்தேன். வேலைக்கு வருகிற பெண் "யாரும்மா இவங்கல்லாம், சொந்தக்காரங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பார்ட்டியில் எல்லோரையும் நினைவில் வைக்கவே வேண்டாம். குண்டாக, கண்ணாடி போட்டு, எங்கே என்ன பேசுவது என்று தெரியாமல் ஒருவன் நிற்பான். அவனை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், அவன்தான் பியர்.

#6 கணக்குவாத்தியார்

வாழ்த்துகள். ஒரு சின்ன சந்தேகம். மீனம்பாக்கத்தில் முடித்த வரி எது?

#7 ஜன்னலோரம்

ஆந்த்ரேயின் மகன் சின்ன நிக்கோலாய் கனவு கண்டு விழித்து, அப்பாவை நினைத்துக்கொண்டு, அவரே திருப்திப்படுகிற மாதிரி ஏதாவது செய்வேன் என்று சொல்லிக்கொள்வானே, அந்த இடம் சார். முடியாமல் முடியும். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

#8 கணக்குவாத்தியார்

நினைத்தேன். அது பின்னுரையின் முதல் பகுதி, பதினாறு அத்தியாயம். இரண்டாம் பகுதி பன்னிரண்டு அத்தியாயம் இருக்கிறதே?

#9 ஜன்னலோரம்

மாட்டிக்கொண்டேன்.

இருக்கிறது சார். புரட்டிப் பார்த்தேன். பியரும் இல்லை, நடாஷாவும் இல்லை. வரலாறு என்றால் என்ன, அதிகாரம் என்றால் என்ன, மனிதனுக்குச் சுதந்திரம் உண்டா என்று கட்டுரை மாதிரி போகிறது. கல்யாணம் முடிந்து தாம்பூலப் பையும் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, பெண்ணின் தாத்தா மைக்கைப் பிடித்து திருமணத்தின் தத்துவத்தைப் பேச ஆரம்பித்தால் என்ன செய்வோம்? செருப்பைத் தேடுவோம். நானும் அதைத்தான் செய்தேன்.

#10 வந்தியத்தேவன்குதிரை

அப்படியானால் முடிக்கவில்லை! தலைப்பை மாற்றுங்கள் சார்.

#11 பழுப்புத்தாள்

குதிரை, அவசரப்படாதே. 1873-ல் வந்த பதிப்பில் டால்ஸ்டாயே இந்தத் தத்துவப் பகுதிகளைக் கதையிலிருந்து பிரித்து எடுத்துப் பின்னிணைப்பாகப் போட்டுவிட்டார். பிரெஞ்சு உரையாடலையும் ரஷ்ய மொழிக்கு மாற்றினார். 1880-களில் வந்த பதிப்பில்தான் பழையபடி எல்லாம் திரும்பி உள்ளே வந்தன. எழுதியவருக்கே இரண்டு மனம். அவரே கழற்றி வைத்த பெட்டியை, அதுவும் நின்றுகொண்டே படித்த மனிதர் ஏறவில்லை என்று சொல்லி டிக்கெட் கேட்பது நியாயம் இல்லை.

ஜன்னலோரம் முடித்துவிட்டார் என்பதே என் கட்சி.

#12 கணக்குவாத்தியார்

கழற்றி வைத்தார், சரி. ஆனால் கழற்ற முடியாமல் கதைக்குள்ளேயே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். நான் முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூ கணக்கு எடுத்தவன், அதனால் என் ஒருதலைப்பட்சத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

போரோடினோவில் பிரெஞ்சுப் படை முழு வெற்றி பெறாததற்குக் காரணம் அன்றைக்கு நெப்போலியனுக்கு ஜலதோஷம் என்று எழுதிய வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். டால்ஸ்டாய் அவர்களைப் பிடித்துக்கொள்கிறார். அப்படியானால் அவருக்குத் தண்ணீர் புகாத பூட்ஸை எடுத்துக் கொடுக்க மறந்த வேலைக்காரன்தான் ரஷ்யாவைக் காப்பாற்றியவன் என்று சொல்லிவிடுங்களேன் என்கிறார். இதைப் படித்து ஸ்டாஃப் ரூமில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அடுத்து மாஸ்கோவைக் கைவிடுகிற பகுதியின் தொடக்கம். ஓட்டக்காரன் அக்கிலீஸ் முன்னால் போகிற ஆமையை எட்டவே முடியாது என்கிற பழைய கிரேக்கப் புதிரில் ஆரம்பிக்கிறார். தொடர்ந்து ஓடுகிற ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தால் தப்பான விடைதான் வரும். ஆகவே மிக மிகச் சிறிய அலகை எடுத்துக்கொள்ள வேண்டும், வரலாற்றுக்கு அந்த அலகு தனித்தனி மனிதர்களின் விருப்பம், அவற்றையெல்லாம் தொகையிடத் தெரிந்தால்தான் வரலாற்றின் விதி பிடிபடும் என்கிறார். இது நுண்கணிதம்! ராஜாவையும் தளபதியையும் எடுத்துக்கொள்ளாதே, கூட்டத்தில் ஒவ்வொருவனையும் எடுத்துக்கொள் என்கிறார். அதற்காகத்தான் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். நடாஷா ஆடுவதும் அந்தத் தொகையில் ஒரு சிறு உறுப்பு. இரண்டாம் பின்னுரையை விட்டுவிட்டவர், கணக்கை எல்லாம் போட்டுவிட்டு விடையை எழுதாமல் வந்தவர். செய்முறைக்கு மதிப்பெண் உண்டு, முழு மதிப்பெண் கிடையாது.

#13 வந்தியத்தேவன்குதிரை

வாத்தியார் பாதி மார்க் போட்டுவிட்டார் 😀

#14 மூணாம்ஷிப்டு

நான் இங்கே எப்போதும் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. மார்க் போடுகிற பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

பெயரைப் பார்த்து இன்னும் பிபிஓ-வில் இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அந்த வேலையை விட்டு நாளாகிறது. மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு வருஷம் வீட்டில் வைத்துப் பார்த்தோம். படுக்கைப் புண் வரக்கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். பகலில் ஆள் இருந்தது. இரவு ஒரு மணியும் மூன்று மணியும் என் முறை. மூன்று மணிக்குத் திருப்பிவிட்டால் எனக்குத் தூக்கம் போய்விடும். குட்டன்பர்க் தளத்தில் இந்த நாவல் இலவசமாக இருக்கிறது. போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, அவர் கட்டில் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து படிப்பேன். அத்தியாயங்கள் சின்னச் சின்னது, முந்நூற்று அறுபதுக்கும் மேல் இருக்கிறது. ஒரு இரவுக்கு ஒன்றோ இரண்டோ. ஆஸ்டர்லிட்ஸுக்கு முதல் நாள் யுத்த ஆலோசனையில் ரஷ்யத் தளபதி குட்டூசோவ் தூங்கிவிடுவார் இல்லையா, அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சம் இல்லை.

மரியாவின் அப்பா, கிழட்டு பல்கோன்ஸ்கி பிரபு. மகளைக் கணக்குப் போடச் சொல்லித் திட்டித் திட்டியே வளர்த்தவர். (மன்னிக்கவும் வாத்தியார் சார்.) பிரெஞ்சுப் படை வருகிற நேரத்தில் அவருக்குப் பக்கவாதம் வருகிறது. மகள் ராப்பகலாகப் பக்கத்தில் இருக்கிறாள். அப்படி இருக்கும்போதே அவளுக்குள் ஒரு எண்ணம் வருகிறது: இது எப்போது முடியும்? அவர் தேறுகிற அறிகுறியைத் தேடுகிறேனா, முடிவுக்கான அறிகுறியைத் தேடுகிறேனா? அந்த எண்ணம் வந்ததற்காகத் தன்னையே பார்த்துப் பயந்துபோகிறாள்.

இதைப் படித்தது ஒரு மார்கழி ராத்திரி. போனை அணைத்துவிட்டேன். எனக்குள் இருந்ததை யாரோ எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. கணவரிடம்கூடச் சொன்னதில்லை. யாரிடம் சொல்ல முடியும்? நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் தாடி வைத்த ஒரு ரஷ்யப் பிரபுவுக்கு இது எப்படித் தெரிந்தது?

நான்கு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. மறுபடி எடுத்தபோது அடுத்த பக்கங்களிலேயே அவர் பேச முடியாமல் பேசுகிறார். ராத்திரி முழுக்க உன்னைக் கூப்பிட்டேன் என்கிறார். நன்றி சொல்கிறார். அந்த வெள்ளை உடையைப் போட்டுக்கொள், எனக்குப் பிடிக்கும் என்கிறார்.

என் மாமனாரும் லேசுப்பட்டவர் இல்லை. பதினோரு வருஷமாக என் காப்பியில் குறை சொன்னவர். கடைசிக் காலத்தில் மூக்குக் குழாயில்தான் எல்லாம் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் விடியற்காலை திருப்பிப் படுக்க வைக்கும்போது, "காப்பி நல்லா இருந்துச்சும்மா" என்றார். நான் அவருக்குக் காப்பி கொடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

நாவல் எனக்கு அந்த இடத்தோடு நிற்கிறது. மாஸ்கோ எரிவதை இன்னும் படிக்கவில்லை. நடாஷாவின் அண்ணன் நிக்கோலாய் வந்து மரியாவைப் பார்க்கிறான் என்று தெரியும், இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகும் என்றும் இங்கே யாரோ முன்பு எழுதியிருந்தார்கள். அதைக் கேள்விப்பட்டதே போதும் போல இருக்கிறது.

#15 மாம்பலம்மாமி

அம்மாடி, நான் என்ன எழுத? என் மாமியாருக்குச் செய்தபோது எனக்கும் அந்த எண்ணம் வந்தது. எல்லோருக்கும் வரும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இன்றைக்கு இங்கே சொல்கிறேன்.

மாஸ்கோ எங்கேயும் போய்விடாது. மெதுவாக எரியட்டும்.

#16 ஜன்னலோரம்

மூணாம்ஷிப்டு மேடம், உங்கள் பதிவை நேற்று எழும்பூரில் படித்தேன், அதற்குமேல் எதுவும் படிக்க முடியவில்லை.

எனக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. பெத்யா, நடாஷாவின் தம்பி. பையன் அடம்பிடித்துப் படையில் சேர்கிறான். கொரில்லாக் கூட்டத்தில் பெரியவர்களிடம் நல்ல பெயர் வாங்கத் துடிக்கிறான். தன்னிடம் இருந்த உலர்ந்த திராட்சையை எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்கிறான், எனக்கு இனிப்பு ஏதாவது சாப்பிட்டே பழக்கம், அருமையான திராட்சை, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். மறுநாள் காலை குண்டடிபட்டுச் செத்துப்போகிறான். அவன் உடலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற கூட்டத்தின் தலைவன் தெனீசவுக்கு அந்தத் திராட்சைப் பேச்சு ஞாபகம் வருகிறது. வேலியைப் பிடித்துக்கொண்டு நாய் ஊளையிடுவது போல ஒரு சத்தம் போடுகிறான். டால்ஸ்டாய் அழுதான் என்றுகூட எழுதவில்லை.

அன்றைக்குக் குரோம்பேட்டையில் இறங்கவில்லை. சானடோரியம் போய், தாம்பரம் போய், வண்டி காலியாகி, துப்புரவுக்காரர் "சார், லாஸ்ட்" என்றபோதுதான் எழுந்தேன். அங்கிருந்து பஸ் பிடித்து வந்தேன். வீட்டில் காரணம் கேட்டார்கள். திராட்சை என்று சொல்ல முடியுமா?

#17 பாதியில்நிறுத்தியவன்

ஐந்தாவது முறை ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். தமிழா, ஆங்கிலமா? எங்கே கிடைக்கும்?

#18 பழுப்புத்தாள்

தமிழில் ஆரம்பியுங்கள். சொக்கலிங்கம் பத்திரிகைக்காரர், அதனால் வாக்கியம் ஓடும், நிற்காது. 'போரும் வாழ்வும்' என்ற தலைப்பிலும் இது கிடைக்கும், குழம்ப வேண்டாம். ஆங்கிலம் என்றால் மாட் தம்பதியுடையதே போதும். அவர்கள் ரஷ்யாவில் வாழ்ந்தவர்கள், டால்ஸ்டாய்க்குப் பழக்கமானவர்கள். பதிப்புரிமை காலாவதியானதால் மலிவாகவும் கிடைக்கும், மேலே சொன்னபடி இலவசமாகவும் கிடைக்கும்.

கன்னிமாராவில் உறுப்பினராக இருந்தால் இரவல் எடுக்கலாம், ஆனால் இந்த நாவலுக்கு இரவல் தவணை போதாது, புதுப்பித்துப் புதுப்பித்து நூலகருக்கே உங்கள் முகம் மனப்பாடமாகிவிடும். லஸ் முனை, திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் தேடினால் ஆங்கிலப் பிரதி நிச்சயம் அகப்படும். ஒரு எச்சரிக்கை: நடைபாதையில் கிடைப்பவற்றில் முதல் ஐம்பது பக்கம் அழுக்காகவும் மீதி புத்தம் புதிதாகவும் இருக்கும். உங்கள் ஆட்கள்தான் விற்றிருக்கிறார்கள்.

என் காலத்தில் என்றால் மாஸ்கோவிலிருந்து கப்பலில் வரும் புத்தகங்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் சல்லிசாகக் கிடைக்கும். டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு', ரா. கிருஷ்ணய்யா மொழிபெயர்ப்பு, கெட்டி அட்டை, வழவழப்பான தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு மூர் மார்க்கெட்டில் நடந்தால் தனி கௌரவம். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது, 1991-ல் சோவியத்தும் போனது. நான் சொல்ல வந்தது என்ன? ஆ, தமிழில் ஆரம்பியுங்கள்.

உபரித் தகவல்: 1908-ல் டால்ஸ்டாய் எழுதிய 'ஓர் இந்துவுக்கு ஒரு கடிதம்' என்ற கட்டுரையில் திருக்குறளின் இன்னா செய்யாமை அதிகாரக் குறள்களை எடுத்தாண்டிருக்கிறார். காந்தி அதைத் தன் பத்திரிகையில் வெளியிட்டார். நம் ஆள் நம்மை ஏற்கெனவே படித்துவிட்டார், கடன் பாக்கி நம்முடையதுதான்.

#19 கணக்குவாத்தியார்

நான் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். மூணாம்ஷிப்டு அம்மா எழுதியதைப் படித்தபிறகு மதிப்பெண் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். அவருக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் ஜன்னலோரத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கடற்கரை-தாம்பரம் வண்டியில், 1931-லிருந்து மின்சாரத்தில் ஓடுகிற தடத்தில், பதினெட்டு ஸ்டேஷனுக்கு நடுவில் இந்த நாவலைப் படித்தவர். நீங்கள் தள்ளிவிட்ட பகுதியின் மூன்றாம் அத்தியாயத்தில் டால்ஸ்டாய் எதைப் பற்றிப் பேசுகிறார் தெரியுமா? ரயில் வண்டியைப் பற்றி.

ஒரு எஞ்சின் ஓடுகிறது. எது அதை ஓட்டுகிறது? குடியானவன் ஒருவன், பிசாசுதான் ஓட்டுகிறது என்கிறான். இன்னொருவன், சக்கரம் சுற்றுவதால் ஓடுகிறது என்கிறான். மூன்றாமவன், மேலே போகும் புகையால்தான் என்கிறான். இதில் பிசாசு என்றவனை மறுக்கவே முடியாது என்கிறார் டால்ஸ்டாய். மறுக்க வேண்டுமானால் பிசாசே இல்லை என்று நிரூபிக்க வேண்டும், அல்லது பிசாசு அல்ல, ஒரு ஜெர்மன்காரன் ஓட்டுகிறான் என்று இன்னொரு குடியானவன் வந்து சொல்ல வேண்டும். நாடுகள் ஏன் நகர்ந்தன என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களின் விளக்கங்களும் இந்த மூவர் சொன்ன மாதிரிதான் என்கிறார்.

இதைப் போய்ச் செருப்பு தேடிக்கொண்டு விட்டுவிட்டு வந்தீர்களே.

#20 ஜன்னலோரம்

ஜெர்மன்காரனா? சரி சார். நாளைக்கு நான்காவது துண்டைத் திரும்பப் பையில் வைக்கிறேன். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.

#21 ஜன்னலோரம்

பதினொரு நாள் கழித்து வருகிறேன். பன்னிரண்டு அத்தியாயமும் ஆயிற்று. நேர்மையாகச் சொன்னால் ஐந்திலிருந்து ஏழு வரை கண் ஓடியது, மனம் ஓடவில்லை. அதிகாரம் பற்றி அவர் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார், ஒரு நல்ல எடிட்டர் பக்கத்தில் இருந்திருக்கலாம். எட்டாவதிலிருந்து சூடு பிடிக்கிறது. நான் கையைத் தூக்கலாம், தூக்காமலும் இருக்கலாம், அப்படியானால் சுதந்திரம்தானே என்று நினைக்கிறோம். ஆனால் செய்து முடித்த காரியத்தைக் காலம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அது அப்படித்தான் நடந்திருக்க முடியும் என்று தோன்ற ஆரம்பித்துவிடுகிறது என்கிறார். கடைசி அத்தியாயத்தில் கோப்பர்நிக்கஸ் வருகிறார். பூமி சுற்றுவது நமக்குத் தெரிவதில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டோம் இல்லையா, அதைப் போல இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று முடிக்கிறார். முதல் பின்னுரை மாதிரி தொண்டை அடைக்கவில்லை. எரிச்சலும் யோசனையும் கலந்து வந்தது. பழுப்புத்தாள் ஐயா, 1873-ல் அவர் ஏன் கழற்றினார் என்றும் புரிகிறது, ஏன் திரும்ப மாட்டினார் என்றும் புரிகிறது.

அப்பாவிடம், இரண்டாம் பின்னுரையும் முடித்துவிட்டேன் என்றேன். "அதையெல்லாம் யார் படிப்பார்கள்?" என்றார். ஆக, அது இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் நிஜமாகவே படித்தவர்தானோ என்று முதல் முறையாகச் சந்தேகம் வந்திருக்கிறது.

வாத்தியார் சாருக்கு மட்டும் இன்னொரு விஷயம். எஞ்சின் அத்தியாயத்தைப் படித்தது போன செவ்வாய்க்கிழமை. கிண்டியை விட்டுக் கிளம்பிய வண்டி சைதாப்பேட்டைக்கு முன்னால் நின்றுவிட்டது. மின்விசிறியும் நின்றது. வாசலில் தொங்கிக்கொண்டிருந்த பையன் "ஏன்ணே நின்னுடுச்சு?" என்று கேட்டான். "சிக்னல் விழலை" என்றார் ஒருவர். "முன்னாடி எக்ஸ்பிரஸ் போவுது, அதுக்கு வழி விட்டுருக்கான்" என்றார் இன்னொருவர். ஜன்னலை ஒட்டிப் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, கண்ணைத் திறக்காமலே, "செவ்வாக்கெழம ராகு காலத்துல எடுத்தான்ல, அதான்" என்றார்.

யாரும் அந்த அம்மாவை மறுக்கவில்லை.

#22 கணக்குவாத்தியார்

முழு மதிப்பெண்.

#23 பாதியில்நிறுத்தியவன்

பார்ட்டியைத் தாண்டிவிட்டேன்! பியரும் கூட்டாளிகளும் ஒரு கரடியோடு போலீஸ்காரரைச் சேர்த்துக் கட்டி ஆற்றில் விட்டார்களாமே, இது பார்ட்டிக்கு இவ்வளவு பக்கத்திலேயே இருக்கிறது என்று யாராவது முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

#24 மூணாம்ஷிப்டு

மாஸ்கோ எரிய ஆரம்பித்திருக்கிறது. பகலில்தான் படிக்கிறேன்.